அராபியக் குதிரையின் பெருமை எது?



பள்ளி விளையாட்டு விழாவில் முதலாவதாக ஓடி வருகிற மாணவனைப் பார்த்து, "ஜாதிக் குதிரை மாதிரி ஓடுகிறான்!" என்று பெரியவர்கள் மெச்சுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. குதிரையின் வேகம், பொறுமை, அறிவு எல்லாம் அதன் பிறப்பிலேயே அடங்கியிருக்கின்றன. கலப்பில்லாத இரத்தமே அவற்றுக்குக் காரணம் என்பதே அந்தக் கருத்து. இதற்குச் சான்றாக உலகம் முழுவதும் முதலில் காட்டப்படுவது அராபியக் குதிரை. "ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கலப்பே இல்லாமல் வந்த இனம் இது, அதனால்தான் இத்தனை சிறப்பு" என்று நூல்களிலும் விளம்பரங்களிலும் எழுதுகிறார்கள்.

அராபியக் குதிரை சிறந்த குதிரை என்பதில் ஐயமில்லை. அந்தச் சிறப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. இரத்தத் தூய்மையிலிருந்து வந்தது என்பது பாதி உண்மை; பாதி தவறு. தவறான பாதி வெறும் பெருமைப் பேச்சோடு நின்றிருந்தால் நாம் கவலைப்பட வேண்டாம். ஆனால் அதை நம்பிக் குதிரை வளர்ப்பவர்களின் லாயங்களில் குட்டிகள் இறக்கின்றன. ஆகவே இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

குதிரையை அறிமுகம் செய்துகொள்வோம்

அராபியக் குதிரை பெரிய உருவம் உடையதன்று. தரையிலிருந்து தோள்மேடு வரை அளந்தால் ஏறத்தாழ 145 முதல் 155 சென்டிமீட்டர் இருக்கும். எடை பெரும்பாலும் 360 முதல் 450 கிலோகிராம். நெற்றி சற்றுப் புடைத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே முகம் இலேசாகக் குழிந்திருக்கும். கண்கள் பெரியவை. கழுத்து வில்போல் வளைந்திருக்கும். ஓடும்போது வாலைக் கொடிபோல் உயர்த்திப் பிடிக்கும். மேலே மயிர் என்ன நிறமாக இருந்தாலும் அடியில் உள்ள தோல் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும்.

அதன் எலும்புக்கூட்டைப் பற்றியும் ஒரு செய்தி சொல்வார்கள். மற்றக் குதிரைகளுக்கு 18 இணை விலா எலும்புகள், அராபியக் குதிரைக்கு 17. மற்றவற்றுக்கு இடுப்பில் 6 முள்ளெலும்புகள், இதற்கு 5 என்பது அந்தச் செய்தி. அராபியக் குதிரைகள் பலவற்றில் இப்படி இருப்பது உண்மை. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. 6 முள்ளெலும்புகள் உள்ள அராபியக் குதிரைகளும் உண்டு. 5 மட்டும் உள்ள வேற்றினக் குதிரைகளும் உண்டு. ஓர் இனத்துக்கும் மற்றோர் இனத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியதுபோல் இயற்கை கோடு கிழிப்பதில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குதிரையின் உண்மையான திறமை நெடுந்தொலைவு ஓட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1955-இல் வெண்டல் ரோபி என்பவர் ஒரு சவாரியைத் தொடங்கினார். சியரா நெவாடா மலைகளைக் கடந்து 100 மைல் தூரத்தை, அதாவது 160 கிலோமீட்டரை, ஒரே நாளில் கடக்க வேண்டும். பிற்காலத்தில் டெவிஸ் கோப்பை என்று பெயர் பெற்ற அந்தப் போட்டியில் முதலாண்டே அவர் ஏறிச் சென்றது ஓர் அராபியக் குதிரை. அன்று முதல் பெரும்பாலான ஆண்டுகளில் வெற்றி பெற்றவை அராபியக் குதிரைகளும் அவற்றின் கலப்புகளுமே.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. தசை இழைகளில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. ஒருவகை சட்டெனச் சுருங்கிப் பெருவேகம் தரும், விரைவில் களைத்துவிடும். இன்னொரு வகை மெதுவாகச் சுருங்கும். ஆனால் ஆக்ஸிஜனைப் பயன்படுத்திக் கொழுப்பை எரித்துக்கொண்டு நெடுநேரம் உழைக்கும். நெடுந்தொலைவு ஓடும் குதிரைக்கு இரண்டாம் வகை இழைகள்தாம் மூலதனம். அவை அராபியக் குதிரைக்கு நிறைய உண்டு. ஓடி நின்றபின் அதன் இதயத் துடிப்பு விரைவில் தணிந்துவிடும். இத்தகைய போட்டிகளில் வழியில் நிறுத்தங்கள் உண்டு. அங்கே கால்நடை மருத்துவர்கள் துடிப்பை எண்ணிப் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குள் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 64-க்குக் கீழே வராவிட்டால் குதிரை மேலே போக முடியாது.

கூடாரத்தில் வளர்ந்த குதிரை

இந்தத் திறமை எப்படி வந்தது? அராபியப் பாலைவனத்தில் வாழ்ந்த பெதுயின் நாடோடிகளைப் பற்றிப் படித்தால் விடை கிடைக்கும்.

பாலைவனத்தில் குதிரை வளர்ப்பது எளிதன்று. ஒட்டகம் முள்ளைத் தின்று, பல நாள் நீரின்றித் தாங்கும். குதிரையால் முடியாது. அதற்கு நாள்தோறும் நீர் வேண்டும். புல் இல்லாத காலத்தில் பெதுயின்கள் அதற்கு ஒட்டகப் பாலையும் பேரீச்சம்பழத்தையும் கொடுத்தார்கள். வீட்டாருக்குப் போதாத பாலில் பங்கு கொடுத்து வளர்க்க வேண்டிய பிராணி என்றால், எத்தனையை வளர்க்க முடியும்? மிகச் சிலவற்றையே முடியும். ஆகவே எது மிகச் சிறந்ததோ அதை மட்டுமே வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பெரிதும் போற்றியது பெண் குதிரையை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரின் ஒட்டகங்களைக் கவர்ந்துவரப் புறப்படும்போது, ஒட்டகத்தின்மேல் ஏறிச் செல்வார்கள். குதிரையைப் பக்கத்தில் நடத்திச் செல்வார்கள். எதிரியை நெருங்கிய பிறகே குதிரைமீது தாவுவார்கள். அந்த நேரத்தில் குதிரை கனைத்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். ஆண் குதிரையைவிடப் பெண் குதிரை அமைதியானது என்பதால் அதையே கொண்டு சென்றார்கள். களைத்து விழுந்த குதிரையும் அதில் ஏறியவனும் ஊர் திரும்பவில்லை. திரும்பி வந்த குதிரையின் வயிற்றில்தான் அடுத்த குட்டி பிறந்தது. இதைவிடக் கடுமையான தேர்வு வேறு என்ன இருக்க முடியும்?

குணமும் இப்படித்தான் உருவாயிற்று. குதிரை இயல்பில் அச்சமுள்ள பிராணி. சிங்கத்துக்கும் ஓநாய்க்கும் இரையாகி வந்த இனமல்லவா? சலசலப்புக் கேட்டால் ஓடு என்பதே அதன் முதல் பாடம். ஆனால் பெதுயின் குதிரையோ கூடாரத்தின் வாசலிலேயே கட்டப்பட்டிருந்தது. அதன் குட்டி, பிறந்த நாள் முதல் மனிதர்களின் குரலையும் கையையும் அறிந்தது. குழந்தைகள் அதன் கால்களுக்கிடையே விளையாடினார்கள். கடிக்கும் குதிரைக்கும் உதைக்கும் குதிரைக்கும் அங்கே இடமில்லை. மனிதனிடம் நெருங்கும் இயல்பு ஓரளவு மரபில் வந்தது. ஓரளவு வளர்ப்பில் வந்தது. இந்த இரண்டையும் பிரித்து, இவ்வளவு பிறப்பு, இவ்வளவு வளர்ப்பு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

தங்கள் குதிரைகளின் மரபை அவர்கள் தாய்வழியிலேயே எண்ணினார்கள். "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று நாம் சொல்வதுபோல, இன்ன குதிரையின் மகள், இன்ன குதிரையின் பேத்தி என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். குஹைலான், சக்லாவி, அபய்யான், ஹம்தானி, ஹத்பான் என்பவை புகழ்பெற்ற ஐந்து வழிகள். நபிகள் நாயகம் அழைத்த குரலுக்கு, தாகத்தையும் பொருட்படுத்தாமல் நீர்நிலையிலிருந்து திரும்பி வந்த ஐந்து பெண் குதிரைகளின் சந்ததி என்று ஒரு கதையும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் இதைச் செவிவழிக் கதையாகவே கொள்கிறார்கள். ஆனால் கதை எதைப் போற்றுகிறது என்று கவனியுங்கள். அழகையா? இல்லை. அழைத்தால் வரும் குணத்தையும் தாகத்தைத் தாங்கும் உடலையும் போற்றுகிறது.

இரத்தம் வந்தது; வளர்ப்பு வரவில்லை

அராபியக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் கடல் கடந்து நம் தமிழகத்துக்கும் வந்தன. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் கதையில்கூட, பாண்டியனின் அமைச்சர் புறப்பட்டுப் போனது கடல்வழி வந்த குதிரைகளை வாங்கத்தானே?

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்கினார் என்கிறார். ஏடன், ஹொர்முஸ் போன்ற துறைமுகங்களிலிருந்து அவை வந்தன. அவற்றுள் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, லாடம் கட்டத் தெரிந்தவர்களும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். பயணிகள் எண்ணிக்கையைச் சற்று மிகைப்படுத்துவது வழக்கம்தான். எனினும் சொல்லப்பட்ட செய்தி சிந்திக்கத் தக்கது. கப்பலில் வந்த குதிரையின் உடலில் ஓடியது அதே இரத்தம். ஆனால் வறண்ட காற்றும், பழகிய தீனியும், குதிரையை அறிந்த கைகளும் கூட வரவில்லை. இரத்தத்தின் பெருமை அந்தக் குதிரைகளைக் காப்பாற்றவில்லை.

"சூடான இரத்தம்" உண்டா?

குதிரைகளைப் பற்றிய ஆங்கில நூல்களில் அராபியக் குதிரையைச் "சூடான இரத்தம்" உடையது என்றும், வண்டியிழுக்கும் பெரிய குதிரைகளைக் "குளிர்ந்த இரத்தம்" உடையவை என்றும் எழுதுவார்கள். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ்தான் காட்டும். சுறுசுறுப்பான குணத்தைச் சூடு என்றும், சாந்தமான குணத்தைக் குளிர்ச்சி என்றும் உவமையாகச் சொன்னார்கள். உவமையைப் பலர் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

"தூய இரத்தம்" என்பதும் இப்படிப்பட்ட சொல்தான். பெற்றோரின் இயல்புகளைக் குட்டிக்குக் கொண்டுசெல்வது இரத்தம் அன்று. உயிரணுக்களின் உட்கருவில் இருக்கும் குரோமோசோம்களும் அவற்றில் உள்ள ஜீன்களும் அந்த வேலையைச் செய்கின்றன. இரத்தம் என்றால் கலந்துவிடும் என்று நினைக்கிறோம், பாலில் நீர் கலப்பதுபோல. ஜீன்கள் அப்படிக் கலப்பதில்லை. அவை தனித்தனியாகவே நின்று, சீட்டுகளைக் கலைத்துப் பிரித்ததுபோல் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகச் சேர்கின்றன.

அப்படியானால் தூய அராபியக் குதிரை எது? உலக அராபியக் குதிரை அமைப்பு என்று ஒன்று 1970-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. அது ஏற்றுக்கொண்ட பதிவேட்டில் எந்தக் குதிரை இடம் பெற்றிருக்கிறதோ அதுவே தூய அராபியக் குதிரை என்பது அவர்கள் வகுத்த இலக்கணம். கவனித்தீர்களா? இலக்கணத்தில் இரத்தத்தைப் பற்றிய பேச்சே இல்லை; ஏட்டைப் பற்றிய பேச்சுதான் இருக்கிறது. இது குறையன்று, நேர்மையான இலக்கணம். ஏட்டில் உள்ளதைத்தான் மனிதரால் சரிபார்க்க முடியும்.

ஜீன்களைப் படிக்கும் கருவிகள் வந்தபின் ஏட்டுக்கு அப்பாலும் பார்க்க முடிந்தது. வீட்டுக் குதிரையின் பிறப்பிடம் பாலைவனமே அன்று. இன்றைய குதிரைகளின் முன்னோர்கள் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகள் பாயும் புல்வெளியிலிருந்து ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவினார்கள் என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கிருந்து வந்த குதிரையைத்தான் மேற்காசிய மக்கள் தங்கள் நிலத்துக்கு ஏற்பச் செதுக்கினார்கள்.

2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 378 அராபியக் குதிரைகளின் ஜீன்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மத்திய கிழக்கு நாடுகளில் உள்ள அராபியக் குதிரைகளிடம் மிகுந்த மரபு வேறுபாடும் பலவழிப்பட்ட மூதாதையரும் தென்பட்டன. பந்தயத்துக்காக வளர்க்கப்பட்ட சில அராபிய வழிகளில், தரோபிரெட் என்னும் ஆங்கிலப் பந்தயக் குதிரையின் ஜீன்கள் அண்மைக் காலத்தில் கலந்திருப்பதும் தெரிந்தது. மறுபுறம், தரோபிரெட் இனமே அராபியக் குதிரையிலிருந்து பிறந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்களே, அதற்குக் குறிப்பிடத்தக்க ஜீன் சான்று கிடைக்கவில்லை. 1704-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட "டார்லி அராபியன்" என்னும் குதிரையின் வழியில் வந்தவையே இன்றைய தரோபிரெட் ஆண் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை. ஆயினும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமும் அராபிய வழியைக் காட்டவில்லை. பெயரும் பெருமையும் ஒரு பக்கம் போக, ஜீன்கள் வேறு பக்கம் போயிருக்கின்றன!

நான்கில் ஒன்று

இனி, குட்டிகள் இறக்கும் செய்திக்கு வருவோம்.

பாலைவனத்திலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்ற குதிரைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 1848 முதல் 1854 வரை எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா, பெதுயின்களிடம் ஆள் அனுப்பிச் சிறந்த குதிரைகளைச் சேர்த்தார். அவற்றின் மரபை எழுதியும் வைக்கச் செய்தார். அவர் இறந்தபின் அவை சிதறின. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆன் பிளன்ட் அம்மையார், தம் கணவருடன் 1878-இலும் 1879-இலும் பாலைவனத்தில் பயணம் செய்து குதிரைகளை வாங்கினார். கணிப்பொறி நிரல் எழுதுவதில் முன்னோடி என்று போற்றப்படும் ஏடா லவ்லேசின் மகள் இவர்! அரபு மொழி கற்று, ஒவ்வொரு குதிரையின் மரபையும் கேட்டுக் குறித்து வைத்தார். எகிப்தில் எஞ்சியிருந்த அப்பாஸ் பாஷாவின் குதிரைகளின் வழிவந்த சிலவற்றையும் வாங்கினார். இவர்களுடைய உழைப்பு இல்லாவிட்டால் பல வழிகள் அழிந்தே போயிருக்கும். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் சில குதிரைகளிலிருந்து பல குதிரைகளை உண்டாக்கும்போது உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்க்க நேர்கிறது. ஒரு குதிரை போட்டியில் பரிசு பெற்றுவிட்டால் எல்லாரும் அதன் குட்டியையே விரும்புகிறார்கள். பிறகு அதன் பேரனையும் பேத்தியையும் சேர்க்கிறார்கள். "தூய வழி" என்று அதற்கு விலையும் கூடுகிறது.

இதில் என்ன ஆபத்து? ஒவ்வொரு ஜீனும் இணையாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. இரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடுவதுண்டு. அப்போது குதிரை நலமாகவே இருக்கும். கெட்ட ஜீனைச் சுமந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. இரண்டும் கெட்டிருந்தால்தான் நோய் வரும்.

அராபியக் குதிரைகளில் 1973-இல் விவரிக்கப்பட்ட ஒரு நோயைப் பார்ப்போம். குட்டி பிறக்கும்போது துள்ளி விளையாடும். ஒன்றிரண்டு மாதங்களில் காய்ச்சலும் சளியும் நுரையீரல் அழற்சியும் வரும். எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் ஐந்து மாதத்துக்குள் இறந்துவிடும். காரணம், அதன் உடலில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் உருவாவதே இல்லை. தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பொருள்கள் இருக்கும் வரை குட்டி பிழைத்திருக்கிறது; அவை தீர்ந்ததும் வீழ்ந்துவிடுகிறது. 1997-இல் காரணமான பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு ஜீனில் ஐந்து எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அவ்வளவுதான்! ஐந்து எழுத்துப் பிழை ஓர் உயிரைக் குடிக்கிறது.

நீங்களே தாளில் கட்டம் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்தப் பிழையைச் சுமக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால், நான்கில் ஒரு பங்குக் குட்டிகள் நோயுடன் பிறக்கும். நான்கில் இரண்டு பங்கு பிழையைச் சுமக்கும். ஒரு பங்கு முழு நலமாக இருக்கும். அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஆய்வில் அராபியக் குதிரைகளில் சுமார் 8 சதவீதம் இந்தப் பிழையைச் சுமந்தன. உறவு பாராமல் சேர்த்தால் இரண்டும் சுமப்பவையாக அமையும் வாய்ப்பு நூற்றில் எட்டின் நூற்றில் எட்டு. அதில் நான்கில் ஒன்று, அதாவது 10,000 குட்டிகளில் 16. சிறிய எண் என்று தோன்றும். ஆனால் சுமக்கும் ஒரு குதிரையின் சந்ததிக்குள்ளேயே சேர்த்தால் இந்த எண் பல மடங்கு ஏறிவிடும். தூய்மை என்று கொண்டாடும் பழக்கமே நோயைத் தேடிக் கூட்டி வருகிறது.

சிறுமூளை அணுக்கள் சிதைந்து தலை நடுங்கும் நோய் ஒன்றும், பிறந்த குட்டி எழுந்து நிற்க முடியாமல் இறக்கும் நோய் ஒன்றும் இந்த இனத்தில் உண்டு. இவையும் அதே கணக்கின்படிதான் வருகின்றன. மூன்றுக்கும் இன்று சோதனை இருக்கிறது. சில மயிர்களை வேரோடு பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும்.

முகம் பார்த்து வளர்ப்பது

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பாலைவனத்தில் குதிரையைத் தேர்ந்தெடுத்தது தாகமும் தொலைவும். இன்று பல இடங்களில் தேர்ந்தெடுப்பது அழகுப் போட்டி நடுவர். குழிந்த முகம் அழகு என்றால், இன்னும் குழிந்த முகம் இன்னும் அழகு என்று ஆகிவிடுகிறது. முன்னே சொன்ன 2020 ஆய்வில், நேர்வழி எகிப்தியக் குதிரைகள் எனப்படும் பிரிவில் முக அமைப்பைச் சார்ந்த ஜீன் பகுதிகள் அழுத்தமான தேர்வுக்கு உள்ளான அடையாளம் தெரிந்தது. 2017-இல் மிகமிகக் குழிந்த முகமுடைய ஓர் இளம் குதிரையின் படம் உலகெங்கும் பரவியபோது, கால்நடை மருத்துவர்கள் பலர் கவலை தெரிவித்தார்கள். அந்தக் குதிரைக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று அதை வளர்த்தவர்கள் பதில் சொன்னார்கள்.

தனி ஒரு குதிரையைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உடலியலைப் பார்ப்போம். நாய் வாய் வழியாக மூச்சு வாங்கும், நாமும் வாங்குவோம். குதிரையால் முடியாது. அதன் தொண்டை அமைப்பு மூக்கு வழி மூச்சை மட்டுமே அனுமதிக்கிறது. பாய்ந்தோடும்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு. அப்படிப்பட்ட பிராணியின் மூக்குப் பாதையை அழகுக்காகச் சுருக்கிக்கொண்டே போகலாமா? சப்பை மூக்குப் பக் நாய்கள் கோடையில் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்த பிறகும் நாம் பாடம் கற்க வேண்டாமா?

அழகை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேகத்தின்மேல் கொண்ட ஆசையும் இதே தீமையைச் செய்யும். அராபியக் குதிரை ஏறியவனுக்காகக் கடைசி மூச்சு வரை ஓடும் குணம் உடையது. அந்தக் குணமே அதற்குப் பகையாகவும் ஆகலாம். நெடுந்தொலைவுப் போட்டிகளில் குதிரைகள் துன்புறுவது பற்றியும் விதிமீறல்கள் பற்றியும் எழுந்த புகார்களால், பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2015-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பைச் சில மாதங்கள் நீக்கி வைக்க நேர்ந்தது. எந்த நாடாயினும், குதிரையால் "போதும்" என்று வாய் திறந்து சொல்ல முடியாது. அதற்காகச் சொல்ல வேண்டியவன் மனிதன்.

என்ன செய்யலாம்?

"பதிவேட்டை மூடி வைக்காவிட்டால் அராபியக் குதிரை என்ற இனமே மறைந்துவிடும்" என்று வளர்ப்பவர்கள் வாதாடுகிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பதிவேடு வேண்டும். தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவும் ஏட்டிலும் காத்துவந்த மரபுக் குறிப்பு ஓர் அறிவுச் செல்வம். அதைக் கிழித்தெறிய யாரும் சொல்லவில்லை. ஏட்டை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. நெருங்கிய உறவைக் கண்டுபிடித்து அதைத் தவிர்க்கவும் அதே ஏடு உதவும். அந்த 2020 ஆய்வின்படி அராபியக் குதிரை இனம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மரபு வேறுபாடு இன்னும் குறைந்துவிடவில்லை. ஆகவே இனத்துக்கு வெளியே போகாமலே, தூரத்து வழிகளை இணைத்து நலத்தைக் காக்க முடியும். ஒரே வழிக்குள் ஒடுங்கிக்கொள்வதுதான் அறியாமை.

சோதனை செய்யாமல் எந்தக் குதிரையையும் சேர்க்கக் கூடாது. பிழையைச் சுமக்கும் குதிரையை உடனே ஒதுக்கிவிடவும் தேவையில்லை. அதை நலமான துணையுடன் சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்கினால் அவற்றிடமுள்ள நல்ல ஜீன்களும் போய்விடும். சோதனை முடிவை மறைக்காமல் வெளியிடுவதுதான் முக்கியம். மறைப்பதற்குக் காரணம் வெட்கம். அந்த வெட்கத்துக்குக் காரணம் தூய்மை என்ற பொய்ப் பெருமை.

பரிசு கொடுப்பவர்களும் முகத்தின் குழிவை அளப்பதைவிட்டு மூச்சையும் காலையும் குணத்தையும் பார்க்கட்டும். பெதுயின் தாய்மார் தங்கள் குழந்தையைப் பயமின்றி விட்டுச் சென்ற குதிரை அது. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற குதிரையே பரிசுக்குரியது.

நண்பர்களே! உங்களில் சிலர் நாளைக்குக் கால்நடை மருத்துவர்களாகவும் மரபியல் ஆராய்ச்சியாளர்களாகவும் வருவீர்கள். மாடு, ஆடு, நாய், கோழி எதுவானாலும் "சுத்தமான இனம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? உறவு எவ்வளவு நெருக்கம்? நோய்ச் சோதனை செய்தீர்களா? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத பெருமை வெறும் சத்தம். மனிதர்களைப் பற்றி யாராவது இரத்தத் தூய்மை பேசினால், அந்தப் பேச்சுக்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை என்று துணிந்து சொல்லுங்கள்.

புல்வெளியில் பிறந்த ஒரு பிராணியைப் பாலைவனம் சோதித்தது. தங்கள் பாலைப் பங்கிட்டுக் கொடுத்த மக்கள் அதை வளர்த்தார்கள். அவர்களின் நினைவாற்றல் அதன் மரபைக் காத்தது. அராபியக் குதிரையின் பெருமை இதுதான். இரத்தத்தைப் புகழ்வதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை ஒரு மயிர்ச் சோதனைக்குச் செலவிட்டால், அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகளில் சிலவாவது பிழைத்து ஓடும்.